நசுங்கிய அம்பாசிடர்: வாங்கினால் லாபமா, தலைவலியா?

அடிபட்ட பழைய கார் வாங்குவோரே, உஷார்!

மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊரையும் தொட்டுத்தான் போகிறது. பஸ், லாரி, குற்றாலம் போகிற வேன், சபரிமலை சீசனில் பக்தர்களின் கார் என்று ராப்பகல் ஓயாத ரோடு. விபத்துக்கும் குறைவில்லை. அடிபட்ட வண்டி பட்டறைக்கு வரும். சில வண்டிகள் பழுது பார்த்துத் திரும்பிப் போகும். சில அங்கேயே நின்றுவிடும்.

நிற்பது புதுக் கார் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் கதை வேறு! "எங்க அப்பா இந்த வண்டியிலதான் மில்லுக்குப் போவாரு" என்று ஒருவர் நிற்பார். "கல்யாண ஊர்வலத்துக்கு விட்டா காசு" என்று இன்னொருவர் கணக்குப் போடுவார்.

விற்பவர் சும்மா இருப்பாரா? "அண்ணாச்சி, லேசா முகத்துல இடிச்சதுதான். ரெண்டு நாள் டிங்கரிங், ஒரு கோட் பெயிண்ட். மாப்பிள்ளை அழைப்புக்கே விடலாம்!" என்பார்.

அந்தப் பேச்சில் விழுந்தவர்கள் பலர். விழாமல் தப்புவது எப்படி?

கருகிய காருக்கு 15 கோடி!

அடிபட்ட காருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டரே நகரில் ஒரு ஏலம் நடந்தது. வந்தது 1954-ல் செய்த பெராரி ரேஸ் கார். 1960-களில் மோதி, தீப்பிடித்து எரிந்த வண்டி. பார்த்தால் கருகி நசுங்கிய தகரக் குவியல். நம் ஊர் காயலான் கடையில் எடை போட்டுத்தான் எடுப்பார்கள்.

ஏலம் போன தொகை 18 லட்சத்து 75 ஆயிரம் டாலர். நம்ம பணத்தில் சுமார் 15 கோடி ரூபாய்!

வாங்கியவர் தகரத்துக்கா பணம் கொடுத்தார்? இல்லை. அந்த வண்டியின் சேசிஸ் நம்பருக்குக் கொடுத்தார். அந்த மாதிரி வண்டி உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக் கூடிய அளவுதான். இது அசல் என்பதற்கு நம்பரும் சரித்திரமும் சாட்சி.

அம்பாசிடர் அப்படி அல்ல. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை கல்கத்தா அருகே உத்தரபாராவில் செய்து தள்ளினார்கள். ஒன்றை விட்டால் இன்னொன்று கிடைக்கும். ஆகவே "இது போனால் வராது" என்ற அவசரம் வேண்டாம்.

எலும்பு முறிந்ததா, தோல் கிழிந்ததா?

அடுத்து, வண்டியின் உடம்பு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் அடியில் தனி சேசிஸ் உண்டு. அதன்மேல் பாடி உட்கார்ந்திருக்கும். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் அப்படித் தனி சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். தரைத் தகடு, ஓரச் சட்டம், தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகிறது.

மட்கார்டு, பானெட், பம்பர், கதவு நசுங்கினால் அது தோல் கிழிந்த மாதிரி. தட்டி எடுக்கலாம், மாற்றலாம். முன் சக்கரத்தைத் தாங்கும் சட்டமோ கதவுத் தூணோ வளைந்தால் அது எலும்பு முறிவு. பட்டி தடவி பெயிண்ட் அடித்தால் எலும்பு கூடுமா?

சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதில் விதிவிலக்கு. 1961 முதல் 1971 வரை வந்த அந்தக் காருக்கு அடியில் தனி சேசிஸ் உண்டு. பாடியையும் போல்ட்டைக் கழற்றிப் பகுதி பகுதியாக எடுக்கலாம். ரிப்பேர் சுலபம். ஆனால் உதிரி சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பு! அம்பாசிடர் சாமானாவது சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடினால் அகப்படும்.

பட்டறையில் செய்ய வேண்டிய நாலு சோதனை

ஒன்று: சின்ன காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். பெயிண்ட் மேல் வைத்துப் பாருங்கள். தகரம் என்றால் ஒட்டும். ஒட்டாத இடத்தில் பட்டியை அப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டு: முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளக்க வேண்டும். அம்பாசிடருக்கு இது 97 அங்குலம். ஒரு பக்கம் அங்குலக் கணக்கில் குறைந்தால், முகம் பின்னால் தள்ளியிருக்கிறது.

மூன்று: வண்டிக்கு அடியில் முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு நூல் பிடியுங்கள். பிறகு முன் வலதிலிருந்து பின் இடதுக்கு. ஒரே மாதிரி போல்ட்டுகளை அடையாளம் வைத்துக் கொண்டு அளக்க வேண்டும். இரண்டு நூலும் ஒரே நீளம் வந்தால் நல்லது. வராவிட்டால் வண்டி கோணல்.

நான்கு: கதவுகளைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மேலே அகலமாகவும் கீழே ஒட்டியும் இருந்தால் தூண் சாய்ந்திருக்கிறது. மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டையும் பாருங்கள். துரு தின்ற தகட்டில் வெல்டிங் நிற்காது.

கோணல் வண்டி நேரே ஓடாது. டயரைத் தின்னும். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். அடுத்த மோதலில் பழைய வெல்டிங்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அப்போது உள்ளே இருப்பது உங்கள் பெண்டாட்டி, பிள்ளைகள்!

கார் உயிரோடு இருக்கிறது, ஆர்.சி. செத்துவிட்டது!

ராஜபாளையம் நாய் வாங்குகிறவர் வெள்ளை நிறத்தை மட்டும் பார்த்தா வாங்குகிறார்? காது கேட்கிறதா என்று கை தட்டிப் பார்க்கிறார். தாய் தகப்பன் யார் என்று விசாரிக்கிறார். காருக்கு ஆர்.சி.தான் ஜாதகம்.

சேசிஸ் நம்பரையும் இஞ்சின் நம்பரையும் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். பழைய மூன்றெழுத்து நம்பர் வண்டி என்றால், அதன் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரிப்பது அவசியம்.

சொந்த உபயோக காருக்கு 15 ஆண்டுதான் முதல் பதிவு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்ந்தது. பட்டறையில் வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் தாமதக் கட்டணமும் சேரும். இன்சூரன்ஸ், பசுமை வரி தனி.

திருட்டுக் கும்பலின் தந்திரம்

ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ் செய்த மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் கம்பெனி அதை மொத்த நஷ்டம் என்று கழித்துவிடும். அப்படிக் கழித்த கார்களைச் சிலர் தேடி வாங்குகிறார்கள். காருக்காக அல்ல. ஆர்.சி.க்காக! எங்கோ திருடிய காரில் அந்த நம்பரை வெட்டி, அசல் வண்டி போல விற்றுவிடுவார்கள். 2020-ல் லக்னோ போலீசாரிடம் பிடிபட்ட கும்பல் செய்தது இந்த வேலைதான். நம்பர் வெட்டிய இடம் தேய்ந்தோ, புது வெல்டிங்கோ இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

விபத்தில் யாராவது இறந்தார்களா, கேஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பறிமுதல் செய்த வண்டியைப் போலீஸ் நிலையத்தில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2002-ல் சொன்னது. ஆகவே கோர்ட் ஜாமீன் பத்திரம் வாங்கிக் கொண்டு உரிமையாளரிடம் விடும். கேஸ் முடியும் வரை விற்கக் கூடாது, உருவத்தை மாற்றக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருப்பது வழக்கம். அதை வாங்கி வெட்டி ஒட்டினால் கோர்ட் படி நீங்களும் ஏற வேண்டி வரும்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்திருக்கிறது. "வித்துட்டேன்" என்றால் செல்லாது. 29, 30-ம் நம்பர் பாரங்களில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. பெயர் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியில் காசுக் கணக்கு

ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். நன்றாக ஓடும் அம்பாசிடர் விலை 2 லட்சம். அடிபட்டது 60 ஆயிரம். பட்டறை எஸ்டிமேட் ஒரு லட்சத்து 20 ஆயிரம். பேப்பர் செலவு 20 ஆயிரம். பிரித்த பிறகு தெரியும் செலவுக்கு 30 ஆயிரமாவது ஒதுக்க வேண்டும். கூட்டினால் 2 லட்சத்து 30 ஆயிரம்! ஓடுகிற வண்டியையே வாங்கியிருக்கலாமே?

50 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனி வின்டேஜ் பதிவு கொண்டு வந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் பாடி, சேசிஸ், இஞ்சின் பெரிதாக மாறாமல் அசலாக இருக்க வேண்டும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கல்யாண வாடகைக் கனவு அங்கே பலிக்காது!

அப்படியானால் அடிபட்ட பழைய காரை வாங்கவே கூடாதா? வாங்கலாம். தோல் மட்டும் கிழிந்திருந்து, ஜாதகம் சுத்தமாக இருந்து, கூட்டுத் தொகை ஓடுகிற வண்டியின் விலைக்குள் அடங்கினால் தாராளமாக வாங்கலாம். அப்பா ஓட்டிய அதே வண்டி என்றால் காசுக் கணக்கை மட்டும் கொஞ்சம் தளர்த்திக் கொள்ளலாம். எலும்புக் கணக்கையும் பேப்பர் கணக்கையும் யாருக்காகவும் தளர்த்தக் கூடாது.

முதலில் ஆர்.சி.; அடுத்து நூலும் டேப்பும்; கடைசியில்தான் ரூபாய்!