தோள் நரம்புக் காயமும் உடற்பயிற்சியும்: பட்டறிந்தவன் குறிப்பு

நான் மருத்துவன் அல்லன். மாட்டுங்காவில் முப்பது வருடம் கணக்கு எழுதிக் காலம் தள்ளியவன். 2022 மழைக்காலத்தில் தாதரில் லோக்கலை விட்டு இறங்கும்போது கூட்டம் தள்ள, கம்பியைப் பிடித்திருந்த வலது கை பின்னுக்கு இழுபட்டு, தோள் மூட்டு நழுவிவிட்டது. மூட்டை அன்றே சேர்த்துவிட்டார்கள். ஆனால் கட்டு அவிழ்த்த பிறகும் கை பக்கவாட்டில் எழும்பவில்லை. மேல்கையின் வெளிப்புறத்தில் உள்ளங்கையளவு இடம் மரத்துக் கிடந்தது.

அடிபட்டது ஆக்ஸிலரி எனும் அக்குள் நரம்பு. மேல்கை எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போய், தோளை மூடிய டெல்டாய்டு தசையை இயக்குவது அதுதான். மூட்டு முன்பக்கம் நழுவினால் இது இழுபடும். நரம்புக் காயத்தை 1943-ல் செடன் என்ற அறுவை மருத்துவர் மூன்றாகப் பிரித்தார். இழை அறாமல் சேதி மட்டும் தடைபடுவது முதல் வகை. சில வாரங்களில் சரியாகும். உறை நிற்க உள்ளே இழை அறுவது இரண்டாவது. இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து வரவேண்டும். முழுதும் துண்டானால் கத்திதான். மூன்று, நான்கு வாரம் கழித்து எடுத்த ஈ.எம்.ஜி. சோதனையில் எனக்கு இழை அறுந்திருப்பது தெரிந்தது.

தசை இளைக்கிறதே என்ற பயத்தில், மாடிவீட்டுப் பையன் பேச்சைக் கேட்டு இரண்டு கிலோ டம்பெல்லைத் தூக்கத் தொடங்கினேன். பிசியோதெரபி பார்க்கும் நம்ம திருநெல்வேலிப் பெண் தலையில் அடித்துக்கொண்டது. "அங்கிள், கரண்ட் வராத ஃபேனைத் தட்டித் தட்டிப் பார்த்தா சுத்துமா? முதல்ல ஒயர் சேரட்டும்!" உண்மைதான். நரம்பின் சேதி வராத தசை எடையால் வளராது. கழுத்தும் முதுகுப் பட்டையும் எக்கிக் கள்ளத்தனமாகக் கையை உயர்த்தும். அந்தப் பழக்கம் பின்னால் போகாது.

அந்தப் பெண் சொன்னது இவ்வளவே: மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து வலது கையை ஊஞ்சலாகத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். மல்லாந்து படுத்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தூக்க வேண்டும். நரம்பு வந்து சேரும்வரை மூட்டு இறுகாமல் காப்பதே நோக்கம். பந்து எறிவதுபோல் கையை விரித்துப் பின்னுக்கு முறுக்குவது ஆரம்ப வாரங்களில் கூடவே கூடாது. மூட்டு நழுவுகிற வழி அது. நாலாம் மாதம் தசையில் ஒரு துடிப்புத் தெரிந்தது. அதன்பின் படுக்கைமேல் கையை நகர்த்துவது, பிறகு சுவரை அழுத்துவது, கடைசியில்தான் எடை.

மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை வைத்துக் கொப்புளம் வாங்கியதும் நான்தான். சூடு உறைக்காத தோலுக்கு ஒத்தடம் ஆபத்து. பயிற்சி வலி மறுநாளும் நின்றால் அளவைக் குறையுங்கள். விரல்கள் புதிதாக மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மூன்று மாதமாகியும் துளிகூட அசைவு இல்லையென்றால் நரம்பு அறுவை நிபுணரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். நரம்பில்லாத தசை ஒன்றரை ஆண்டுக்குமேல் மீள்வது அரிது.

பதினோராம் மாதம் வலக்கையால் தலை வாரினேன். தோளில் இன்னும் சற்றுப் பள்ளம்தான். லோக்கலில் இப்போது இடது கையால்தான் கம்பியைப் பிடிக்கிறேன்.