1001-க்குப் பதில் 1011: ஒரே ஒரு எண் மாறியதால் தரையை உரசவிருந்த விமானம்! உயரம் காட்டும் கருவி எப்படி வேலை செய்கிறது?

2022 மே 23, மதிய நேரம். பாரிஸில் மழை. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. நார்வீஜியன் நிறுவனத்துக்காக மால்டாவின் ஏர்ஹப் நிறுவனம் இயக்கிய விமானம். உள்ளே பயணிகள், ஊழியர்கள் என 178 பேர்.

விமானிகளின் திரையில் எல்லாமே சரியாக இருந்தது. எந்தத் தூரத்தில் எந்த உயரத்தில் இருக்க வேண்டுமோ, அந்த உயரத்தில்தான் விமானம் இருப்பதாகக் காட்டியது. ஆனால், கண்ணாடிக்கு வெளியே மழையைத் தவிர எதுவும் தெரியவில்லை. குறிப்பிட்ட உயரம்வரை இறங்கியும் ஓடுபாதை கண்ணில் படவில்லை என்றால் விதி ஒன்றுதான்: இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா. அவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

அவர்கள் மேலே ஏறத் தொடங்குவதற்குள் விமானம் எவ்வளவு கீழே போயிருந்தது என்பது பிறகு பதிவுகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 6 அடி. ஒரு ஆள் உயரம். ஓடுபாதைக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி இருந்தது.

விமானத்தில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. பிரான்ஸின் விமான விபத்து விசாரணை அமைப்பு கண்டுபிடித்த காரணம் மிகச் சின்னது. தரைக் கட்டுப்பாட்டிலிருந்து விமானிகளுக்குச் சொல்லப்பட்ட காற்றழுத்த எண் 1011. உண்மையான எண் 1001.

சரி, காற்றழுத்தத்துக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஊட்டி பஸ்ஸில் ஒரு சிப்ஸ் பாக்கெட்

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஊட்டிவரை கொண்டுபோயிருக்கிறீர்களா? கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டத் தாண்ட அது பலூன் மாதிரி உப்பிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் காற்று அதேதான். வெளியே அழுத்துகிற காற்றுதான் குறைந்துவிட்டது. நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடைதான் காற்றழுத்தம். மேலே போகப் போகத் தலைக்கு மேல் மிச்சமிருக்கும் காற்று குறைவு, எடையும் குறைவு.

விமானத்தின் முக்கியமான உயரமானி, அதாவது ஆல்டிமீட்டர், அடிப்படையில் அந்த சிப்ஸ் பாக்கெட்தான். பழைய வகைக் கருவியின் உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய மெல்லிய உலோக டப்பாக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால் அவை விரியும், கூடினால் சுருங்கும். தலைமுடியளவு அசைவுதான். அதைப் பல்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றும். புதிய விமானங்களில் சக்கரங்களுக்குப் பதில் எலெக்ட்ரானிக் சென்சார் இருக்கிறது. அளக்கும் விஷயம் மாறவில்லை.

காற்றழுத்தம் உயரத்தோடு குறையும் என்று காட்டியவர்கள் விமானம் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்னால் இருந்தவர்கள். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கேட்டுக்கொண்டதால், 1648 செப்டம்பர் 19 அன்று அவருடைய அக்கா கணவர் ஃப்ளோரன் பெரியே பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு புய் து தோம் மலையில் ஏறினார். சுமார் ஆயிரம் மீட்டர் ஏறியதில் பாதரசம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் இறங்கியது. ஆல்டிமீட்டரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கருவிக்குத் தெரியாத ஒரு விஷயம்

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்றழுத்தம் உயரத்தால் மட்டும் மாறுவதில்லை, வானிலையாலும் மாறும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி படிக்கிறோமே, அந்தத் 'தாழ்வு' இதே அழுத்தத்தின் தாழ்வுதான். தரையில் அசையாமல் நிற்கும் விமானத்தின் ஆல்டிமீட்டர்கூட, புயல் நெருங்கும் நாளில் மெல்ல மெல்ல உயரம் கூடுவதாகக் காட்டும்.

அதனால் கருவிக்கு ஒரு தொடக்கப்புள்ளி தேவை. 'இன்று, இந்த ஊரில், கடல் மட்ட அளவில் காற்றழுத்தம் இவ்வளவு' என்று யாராவது சொல்ல வேண்டும். விமானிகள் பேச்சில் இதற்கு க்யூ.என்.எச். என்று பெயர். தரையிலிருந்து அந்த எண்ணைச் சொல்வார்கள், விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கருவியில் பதிவுசெய்வார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் தொழில் செய்த பால் கோல்ஸ்மன் 1928-ல் கொண்டுவந்த துல்லியமான ஆல்டிமீட்டரில் இந்த எண்ணுக்கென்றே ஒரு குட்டி ஜன்னல் உண்டு. அடுத்த ஆண்டே ஜிம்மி டூலிட்டில், வெளியே எதையும் பார்க்க முடியாதபடி விமானி அறையை மூடிக்கொண்டு, கருவிகளை மட்டும் நம்பி விமானத்தைக் கிளப்பி, ஓட்டி, இறக்கிக் காட்டினார். அதில் இந்த ஆல்டிமீட்டரும் ஒன்று. அந்தக் குட்டி ஜன்னலை விமானிகள் இன்றைக்கும் கோல்ஸ்மன் ஜன்னல் என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது பாரிஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் என்பது சுமார் 28 அடி உயரத்துக்குச் சமம். 1001-க்கும் 1011-க்கும் வித்தியாசம் 10. ஆக, 280 அடி. திரை காட்டியதைவிட விமானம் 280 அடி கீழே பறந்துகொண்டிருந்தது.

'ஒரு கருவி தப்பாகக் காட்டினால் இன்னொன்று காட்டிக்கொடுக்காதா?' என்று தோன்றலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. இரண்டு விமானிகளும் ஒரே எண்ணைத்தான் பதிவுசெய்திருந்தார்கள். அதனால், இரண்டு ஆல்டிமீட்டர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அன்று அந்த ஓடுபாதையில், விமானத்துக்குத் தரையிலிருந்தே ரேடியோ அலையால் சரிவுப் பாதை காட்டும் ஐ.எல்.எஸ். அமைப்பு இயங்கவில்லை. எனவே, இறங்கும் பாதையை விமானத்தின் கணினியே அதே காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டது. தூரத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனையும் பொருந்தியது. ஒரே ஆளிடம் நாலு தடவை கேட்டால் நாலு சாட்சி ஆகிவிடுமா?

அப்போ தரையை நேரடியாக அளக்க முடியாதா?

முடியும். அதற்குத்தான் ரேடியோ ஆல்டிமீட்டர். விமானத்தின் அடிவயிற்றிலிருந்து கீழ்நோக்கி ரேடியோ அலையை அனுப்பி, தரையில் பட்டு அது திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரத்தைச் சொல்லும். இதற்கு வானிலையும் தேவையில்லை, க்யூ.என்.எச்.சும் தேவையில்லை. தரையிறங்கும் வீடியோக்களில் விமானி அறையில் 'ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி...' என்று ஒரு இயந்திரக் குரல் எண்ணுவதைக் கேட்டிருப்பீர்கள். அது இந்தக் கருவி தரும் கணக்கு. பாரிஸில் '6 அடி' என்று பதிவுசெய்ததும் இதுவேதான்.

ஆனால், இதற்கு ஒரு எல்லை இருக்கிறது. பொதுவாக 2,500 அடிக்குக் கீழேதான் இதைப் பயன்படுத்துவார்கள். தவிர, நேர் கீழே என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் இதற்குத் தெரியும். முன்னால் மலை இருந்தால் தெரியாது. தரை நெருங்கினால் எச்சரிக்க விமானத்தில் தனி அமைப்பு உண்டு என்றாலும், பாரிஸில் அது வாய் திறக்கவில்லை. ஓடுபாதைக்கு மிக அருகே அந்த எச்சரிக்கையின் வரம்பைத் தளர்த்தி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சாதாரணத் தரையிறக்கத்திலும் அலறும்.

ரேடியோ ஆல்டிமீட்டரே தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது, அதன் முடிவு சோகமானது. 2009 பிப்ரவரி 25 அன்று இஸ்தான்புல்லிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போன துருக்கி ஏர்லைன்ஸ் 1951 விமானம் சுமார் 2,000 அடி உயரத்தில் இருக்கும்போதே, இடது பக்க ரேடியோ ஆல்டிமீட்டர் 'மைனஸ் 8 அடி' என்றது. தரையைத் தொட்டாயிற்று என்று நினைத்த தானியங்கி அமைப்பு இன்ஜினின் வேகத்தைக் குறைத்துவிட்டது. விமானிகள் கவனிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த வயலில் விமானம் விழுந்தது. 135 பேரில் 9 பேர் இறந்தார்கள்.

2022 ஜனவரியில் அமெரிக்காவில் 5ஜி சேவை தொடங்கும்போது விமான நிறுவனங்கள் பதறியதற்குக் காரணமும் இந்தக் கருவிதான். இது பயன்படுத்தும் அலைவரிசை 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ். அங்கே 5ஜிக்குக் கொடுக்கப்பட்டது அதற்குப் பக்கத்து வீடு மாதிரியான 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ். ஏர் இந்தியாவும் அப்போது சில அமெரிக்க விமானங்களை ரத்து செய்தது.

ஜி.பி.எஸ். இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. மெரினாவில் கடலோரம் நின்று, எந்தத் திருத்தமும் செய்யாத ஜி.பி.எஸ். உயரத்தைப் பார்த்தால், நீங்கள் மைனஸ் எண்பது மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும்! ஜி.பி.எஸ். கணக்கிடுவது கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமியை ஒரு வழுவழுப்பான நீள்கோளமாக வைத்துக்கொண்டு வரைந்த கற்பனைப் பரப்பிலிருந்து. உண்மையான கடல் மட்டம் புவியீர்ப்பைப் பொறுத்து அந்தப் பரப்புக்கு மேலும் கீழும் போகும். உலகத்திலேயே அது மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே சுமார் 106 மீட்டர் பள்ளம். செயலிகள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் நமக்குக் காட்டுகின்றன. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால், ஜி.பி.எஸ். இடத்தைச் சொல்லும் அளவுக்கு உயரத்தைத் துல்லியமாகச் சொல்வதுமில்லை.

ரயில் நிலைய மஞ்சள் பலகையில் 'கடல் மட்டத்திலிருந்து' என்று ஓர் எண் இருக்குமே, அதன் பூஜ்ஜியம் வேறு. ஜி.பி.எஸ்.ஸின் பூஜ்ஜியம் வேறு. ரேடியோ ஆல்டிமீட்டருக்கோ காலடித் தரைதான் பூஜ்ஜியம். உயரம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் 'எதிலிருந்து?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வானத்தில் இது வாழ்வா சாவா பிரச்சினை. இரண்டு விமானங்கள் வேறுவேறு பூஜ்ஜியங்களிலிருந்து உயரத்தை அளந்தால் ஒன்றன்மேல் ஒன்று பறப்பது நிச்சயமில்லை. அதனால், ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் உலகின் எல்லா விமானங்களும் உள்ளூர் எண்ணை விட்டுவிட்டு 1013.25 என்ற ஒரே எண்ணுக்கு மாறிக்கொள்கின்றன. அது அன்றைய உண்மையான அழுத்தம் இல்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால், எல்லோரும் ஒரே அளவுக்குத் தப்பாக இருந்தால் இடைவெளி தப்பாகாது.

தரையிலிருப்பவர்களும் இந்தக் கருவியைத்தான் நம்ப வேண்டும். இன்றைய ரேடார் திரையில் தெரியும் உயரம் ரேடார் அளந்தது அல்ல, விமானத்தின் ஆல்டிமீட்டரே அனுப்பும் தகவல். 1996 நவம்பர் 12 அன்று ஹரியாணாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தபோது, டெல்லியிலிருந்த ரேடாரில் அந்தத் தகவலைப் பெறும் வசதி இல்லை. கஜகஸ்தான் விமானம் தனக்குக் கொடுத்த 15,000 அடியை விட்டுக் கீழே இறங்கியது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியவே இல்லை.

பாரிஸில் அந்த வசதி இருந்தது. விமானம் அனுப்பிய அழுத்த உயரத்தை, தரையிலிருந்த கணினி சரியான 1001-ஐ வைத்துத் திருத்திப் பார்த்து எச்சரிக்கை எழுப்பியது. ஆனால், மேலே போய்ச் சுற்றிவந்த விமானத்துக்கு இரண்டாவது முறையும் சொல்லப்பட்ட எண் 1011. மறுபடியும் அதே தாழ்வான பாதை, மறுபடியும் தரையில் எச்சரிக்கை. இந்தத் தடவை ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. விமானிகள் வெளியே பார்த்துப் பாதையைத் திருத்திக்கொண்டு இறக்கினார்கள்.