ஓதற்பிரிவும் பெற்றோர் உள்ளமும்

தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களைக் கூறுமிடத்து ஓதலை முதற்கண் வைக்கிறது. அப்பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது எனக் கற்பியலில் எல்லையும் வகுக்கிறது. 'ஓதல்' என்பது நம் இல்லங்களில் இன்றும் வழங்கும் சொல்லாகும். திருக்குர்ஆன் கற்கும் பிள்ளையை 'ஓதுகிறான்' என்றே சொல்கிறோம். ஆயினும் இலக்கணம் கூறும் ஓதற்பிரிவு, தலைவன் தலைவியை நீங்கிச் செல்வது. பெற்ற பிள்ளை கல்வியின் பொருட்டுக் கடல் கடக்கும்போது தாய் தந்தையர் உள்ளம் படும் பாடு அங்கே பேசப்படவில்லை.

பிரிவு நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. பொருளீட்டக் கடல் கடந்தோரை நம் ஊர்களில் 'சபுராளி' என்பர். பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்த பெயர் அது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் பலர். அன்று சென்றவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர், உலகம் அறிந்தவர். இன்று செல்வதோ, பதினெட்டு வயது நிரம்பிய மகனும் மகளும். காலமும் மூன்றாண்டில் அடங்குவதில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள். அதே நிறுவனத்தில் மேலும் 12 மாதப் பயிற்சி. ஆக, ஐந்தரை ஆண்டுகள்!

பெற்றோரின் கவலைகள் பலவகை. பிள்ளை எதை உண்பான், எவரோடு பழகுவான், தொழுகையைப் பேணுவானா என்பது ஒன்று. நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணம் வீண்போகுமோ என்பது மற்றொன்று. இவற்றிற்கும் மேலாக, எவரும் எதிர்பாரா இடர்கள் உண்டு. 2020இல் கொரோனாத் தொற்றால் சீனம் எல்லையை மூடியபோது, தாயகம் வந்திருந்த மாணவர்கள் நெடுநாள் திரும்பச் செல்ல இயலவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கே மருத்துவம் பயின்ற நம் பிள்ளைகள் போலந்து, ருமேனியா, ஹங்கேரி முதலிய அண்டை நாடுகளின் வழியே மீட்கப்பட்டனர். அந்நாள்களில் இங்கே எத்தனை வீடுகளில் உறக்கமில்லை என்பதை நாம் அறிவோம்.

இவ்வாறு கவலுதல் இறைநம்பிக்கைக் குறைவு ஆகுமா எனச் சிலர் ஐயுறுகின்றனர். ஆகாது. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் இதனை விளக்குகிறது. யஃகூப் நபி தம் அருமை மகன் யூசுஃபை அனுப்புமுன், ஓநாய் தின்றுவிடுமோ என்று வாய்விட்டு அஞ்சினார். ஒருமுறை இழந்தவர், பின்னர் இளைய மகனை எகிப்துக்கு அனுப்ப நேர்ந்தபோது மூன்று செயல்கள் செய்தார். முதலில், அவனைத் திரும்பக் கொணர்வதாக மூத்த மைந்தரிடம் இறைவன் பெயரால் உறுதிமொழி பெற்றார். ஆற்றலை மீறிய நிலைக்கு மட்டும் விலக்களித்தார். அடுத்து, ஒரே வாயிலில் நுழையாமல் பல வாயில்களில் நுழையுமாறு அறிவுரை கூறினார். இறுதியாக, இறைவனிடமே பொறுப்பு ஒப்படைத்தார்.

இவ்வரிசை நமக்கும் வழியாகும். புறப்படுமுன் கவலைக்கு வேலை உண்டு. முகவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டலாகாது. பயிற்றுமொழி ஆங்கிலமா, பெறும் பட்டம் அந்நாட்டிலேயே மருத்துவராகப் பதிவுபெறத் தகுதி தருமா என்பவற்றை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுதல் வேண்டும். இதுவே உறுதிமொழி. சென்றதும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிதல், அவசரச் செலவுக்குத் தனித்தொகை வைத்தல், அங்குள்ள நம்பிக்கைக்குரியோர் ஓரிருவரை அறிந்திருத்தல் ஆகியவை பல வாயில்கள். இவற்றைச் செய்தபின் எஞ்சுவது தவக்குல்.

எஞ்சியதை ஒப்படைக்கத்தான் நமக்குத் தெரிவதில்லை. மலேசியாவில் பயிலும் நம் மகனை நாள்தோறும் இஷாவுக்குப் பின் ஒன்பதரை மணிக்கு அழைத்து வந்தோம். அங்கே அது நள்ளிரவு என்பதை எண்ணவில்லை. "சாப்பிட்டாயா? தொழுதாயா? பரீட்சை எப்போது?" இவையே நம் வினாக்கள். "நல்லா இருக்கேன் வாப்பா" என்பதே அவன் விடை. பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததை அவன் எழுந்து நடமாடியபின் பிறர் வாயிலாக அறிந்தோம். ஏன் மறைத்தாய் என்று கேட்டோம். "சொன்னா நீங்களும் உம்மாவும் தாங்க மாட்டீங்க வாப்பா" என்றான். நம் அச்சத்தையும் சேர்த்துச் சுமக்கும்படி அப்பிள்ளையை விட்டிருந்தோம். பிள்ளையின் நோயை நாம் அறிய முடியாமற் செய்தது தூரமன்று; நம் கவலைதான்.

இப்போது வாரம் இருமுறை, அவனுக்கு ஏற்ற நேரத்தில் அழைக்கிறோம். வினாக்களைக் குறைத்து, வீட்டுச் செய்திகளை முதலில் சொல்கிறோம். அவனும் இப்போது தானாகப் பேசுகிறான்; சென்ற மாதம் ஒரு பாடத்தில் தவறியதையும் அவனே சொன்னான்.

பயணியின் துஆவும், பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கும் துஆவும் ஏற்கப்படும் என நபிமொழிகள் நவில்கின்றன. அங்கே அவனும் இங்கே நாமும் கையேந்துகிறோம். மாணவச் செல்வங்களே, நாளை நீங்களும் கடல் கடக்கலாம். உங்கள் இடர்களைப் பெற்றோரிடம் மறைக்காதீர்கள். பெற்றோரே, அவற்றைக் கேட்கும் திடத்தை வல்ல இறைவனிடம் வேண்டுவோமாக!