படகுக்கு ஃபிரிட்ஜா, ஐஸ் பெட்டியா?

1833 மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘டஸ்கனி’ என்ற பாய்மரக் கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதில் ஏற்றியிருந்த சரக்கு, குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளில் வெட்டியெடுத்த 180 டன் பனிக்கட்டி. அனுப்பியவர் ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர். கப்பல் நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்து கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் கரையாமல் மிச்சமிருந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடமும் டியூடரின் பனிக்கட்டி வணிகத்துக்காக எழுந்ததுதான்.

கப்பலில் குளிரூட்டும் இயந்திரம் எதுவும் கிடையாது. வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள்களைப் பனிக்கட்டியைச் சுற்றி அடைத்திருந்தார்கள். அத்துடன் சரக்கின் அளவும் கைகொடுத்தது. ஒரு பெட்டியின் நீள, அகல, உயரங்களை இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். வெப்பம் நுழையும் மேற்பரப்போ நான்கு மடங்குதான் கூடும். அதனால் பெரிய குவியல் மெதுவாகக் கரையும். நம் ஃபைபர் படகில் வைக்கும் பெட்டி சிறியது. அதற்கு அளவின் துணை இல்லை. சுவர்தான் முழுப் பொறுப்பையும் சுமக்க வேண்டும்.

எவ்வளவு பொறுப்பு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். உட்புறம் எல்லாப் பக்கமும் 40 செ.மீ. உள்ள பெட்டி சுமார் 64 லிட்டர் கொள்ளும். அதன் மேற்பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். வெளியே 32 டிகிரி, உள்ளே பனிக்கட்டியின் 0 டிகிரி. சுவரில் 5 செ.மீ. பாலியூரித்தேன் நுரை இருந்தால் உள்ளே கசியும் வெப்பம் 16 வாட். அது ஒரு நாளில் நான்கு கிலோ ஐஸைக் கரைத்துவிடும். அதே பெட்டியின் சுவர் 2.5 செ.மீ. தெர்மாகோலாக இருந்தால் நாளொன்றுக்கு 11 கிலோவுக்கு மேல் கரையும். மூடியைத் திறந்து மூடுவதும், மேலே விழும் வெயிலும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஐஸ் ஏன் இவ்வளவு வலிமையானது? ஒரு கிலோ ஐஸ் 0 டிகிரியிலேயே நின்று நீராக மாற 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. அதே அளவு வெப்பம் ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. இது உருகலின் உள்ளுறை வெப்பம். இதை மின்சாரக் கணக்கில் சொன்னால், ஒரு கிலோ ஐஸ் 93 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்றும் வேலையைச் செய்கிறது. அதற்கு பேட்டரி, வயர் எதுவும் வேண்டாம்.

மீன் பிடிப்பவர்களுக்குக் குளிர்விக்கும் வேகம் மிக முக்கியம். கடலிலிருந்து 30 டிகிரியில் ஏறும் 20 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 2,160 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 50 வாட் குளிரூட்டும் திறனுள்ள சிறிய படகு ஃபிரிட்ஜுக்கு இது 12 மணி நேர வேலை, அதுவும் சுவர் வழியே கசியும் வெப்பத்தைச் சேர்க்காமல். நொறுக்கிய ஐஸ் ஆறரை கிலோவிலேயே, மிகக் குறைந்த நேரத்தில் இதை முடித்துவிடும். காரணம், ஐஸும் அதன் உருகுநீரும் மீனின் உடலைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன; ஃபிரிட்ஜில் மீனைச் சுற்றி இருப்பது வெறும் காற்று. கசிவையும் தாமதத்தையும் சேர்த்துப் பார்த்தால், நம்முடையவை போன்ற வெப்பக் கடல்களில் மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ் எடுத்துச் செல்வதே சரியான அளவு.

மீனை உடனே குளிர்விப்பது அதன் விலையைக் காக்கும் விஷயம் மட்டுமா? சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. உண்பவருக்கு முகம் சிவப்பது, தலைவலி, அரிப்பு, வாந்தி எல்லாம் வரலாம். உருவான ஹிஸ்டமினைச் சமையலால் அழிக்க முடியாது. பிடித்த முதல் சில மணி நேரத்தில் படகில் செய்யத் தவறியதை, கரையில் எந்தக் குளிர்பதனக் கிடங்காலும் திருத்த முடியாது.

அப்படியானால் படகில் ஃபிரிட்ஜுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. குளிர்ந்த பொருளைக் குளிராகவே வைத்திருக்க அது நல்ல கருவி. பல நாள் கடலில் இருப்பவர்களின் பால், காய்கறி, மருந்து, இன்சுலின் போன்றவற்றுக்கு அது தேவைதான். ஆனால் வகையறிந்து வாங்க வேண்டும்.

விலை மலிவானது பெல்டியர் வகை. இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாயும்போது ஒரு சந்தி குளிரும், மறு சந்தி சூடாகும் என்று பிரான்ஸின் பெல்டியர் 1834-ல் கண்டறிந்தார். இன்றைய பெட்டிகளில் உலோகத்தின் இடத்தில் குறைகடத்திகள் இருக்கின்றன. அசையும் பாகம் மின்விசிறி மட்டுமே. ஆனால் வெளி வெப்பத்தைவிட 20 டிகிரி அளவுக்குத்தான் இவை குளிரும். தளத்தில் 34 டிகிரி இருந்தால் உள்ளே 14. மீனுக்கும் பாலுக்கும் அது பாதுகாப்பல்ல. மேலும் 50 வாட் பெட்டி நாள் முழுதும் ஓடினால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே நாளில் காலியாகிவிடும்.

அடுத்தது கேஸ் சுடரிலும் இயங்கக்கூடிய உறிஞ்சல் வகை. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த வான் பிளாட்டன், முன்டர்ஸ் இருவரும் 1922-ல் உருவாக்கியது இது. அமோனியாவும் நீரும் ஈர்ப்பு விசையால் குழாய்களில் ஓட வேண்டும் என்பதால், கருவி கிட்டத்தட்ட சமமாக நிற்க வேண்டும். அலையில் ஆடும் படகில் அது நடக்காது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் தங்கித் தீப்பிடிக்கலாம். இந்த வகையை ஒதுக்கிவிடுவதே நல்லது.

மிஞ்சுவது 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸர் வகை. படகுக்கென்றே செய்த கம்ப்ரஸர்கள் சாய்விலும் ஓடும். நாம் பார்த்த 16 வாட் கசிவை ஈடுகட்ட இதற்கு 12 வோல்ட்டில் நாளுக்கு 20 ஆம்பியர்-மணி அளவு போதும். திறந்து மூடுவதைச் சேர்த்தால் 30, 40 ஆகலாம். ஒரு நடுத்தர சோலார் பலகை இதைத் தாங்கும். வீட்டு ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் ஓட்டுவது வேண்டாம்: மாற்றத்தில் மின்சாரம் வீணாகும், உப்புக் காற்று தகட்டை அரிக்கும்.

எதை வாங்கினாலும் மேலிருந்து திறப்பதை வாங்குங்கள். குளிர்ந்த காற்று கனமானது. முன்பக்கக் கதவைத் திறந்தால் கீழே வழிந்து போய்விடும், மேல்மூடியைத் திறந்தால் பெட்டிக்குள்ளேயே தங்கும். நுரைக்குள் தண்ணீர் புக வழியிருக்கக் கூடாது. நீர், பாலியூரித்தேனைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த நுரை இருந்தும் இல்லாததே. வெளிப்புறம் வெள்ளையாக இருக்கட்டும். மீன் பெட்டியில் இரத்தம் கலந்த நீர் வடிய அடியில் துளை வேண்டும். குடிநீர் பாட்டில்கள் உள்ள பெட்டியில் மட்டும் உருகிய குளிர்நீரை விட்டுவைக்கலாம். அது பாட்டில்களைச் சுற்றி நின்று குளிரைக் கடத்தும். கம்ப்ரஸருக்குக் காற்றோட்டம், தடித்த வயர், பேட்டரி இறங்கினால் தானே நிறுத்தும் அமைப்பு மூன்றும் கட்டாயம்.

காலையில் போய் மாலையில் திரும்பும் படகுக்குத் தடித்த சுவருள்ள ஐஸ் பெட்டியே போதும். பேட்டரி வாங்கும் பணத்தை நுரையில் போடுங்கள். பல நாள் தங்குகடல் போகும் விசைப்படகில் மீனுக்கு 10 செ.மீ. நுரை பதித்த ஐஸ் அறை, ஆட்களின் உணவுக்கும் மருந்துக்கும் ஒரு சிறிய கம்ப்ரஸர் பெட்டி என இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். கடைக்குப் போனால் எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன், சுவருக்குள் என்ன நுரை, எத்தனை செ.மீ. என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் பெட்டி வாங்காதீர்கள்.