பெலிக்காட் என்றால் எங்கள் ஊர்!

பினாங்குத் தீவில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தெரு முனையில் நின்று பாருங்கள். தொழுகைக்குப் போகும் மலாய்க்காரர் பலருடைய இடுப்பில் கட்டம் போட்ட கைலி இருக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'காயின் பெலிக்காட்'. காயின் என்றால் துணி. பெலிக்காட் என்றால்? அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. பாப்ளின் என்றால் பாப்ளின், பெலிக்காட் என்றால் பெலிக்காட். அவ்வளவுதான்!

"துணியின் பெயர் இல்லையடா அது. நான் பிறந்த ஊரின் பெயர்!" என்று ஒரு நாள் துவைத்த கைலிகளை மடித்துக்கொண்டே அவன் தாயார் சொன்னாராம்.

பையன் நம்பவில்லை. ஒன்பது வயதுத் தங்கை மட்டும் நம்பினாள். அதன் பலனாக, 2015 ஜூன் முதல் வாரத்தில், பள்ளி விடுமுறைக்கு அம்மாவும் பிள்ளைகள் இருவரும் சென்னைக்கு விமானம் ஏறினார்கள். அத்தா வரவில்லை. அவருக்கு அங்கே நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. கடையை விட்டு இரண்டு வாரம் நகர்ந்தால் குழம்பு கெடுகிறதோ இல்லையோ, வாடிக்கை கெட்டுப் போகுமாம். இத்தனைக்கும் அவருடைய பாட்டனார் இந்தக் கரையிலிருந்து ரஜூலா கப்பலில் போனவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் எத்தனை ஆயிரம் தமிழர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து சென்றிருக்கிறது என்று யார் கணக்கு வைத்தார்கள்?

அந்த அம்மாளின் சிற்றன்னை மகள் என்னோடு கல்லூரியில் படித்தவள். அவள் தயவில் நானும் அந்தப் பிரயாணத்தில் ஒட்டிக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை.

மூர் மார்க்கெட் வளாகத்தில் புறநகர் ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். கார் வைத்துக்கொண்டால் என்ன என்று பையன் கேட்டான். "நான் கல்யாணமாகிப் போனது இந்த வழியில்தான். திரும்பி வருவதும் இந்த வழியில்தான்" என்றார் அம்மா. கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது, பெட்டிகளுக்குக் கிடைக்கவில்லை. பெட்டிகளின் மேல் ஊர்க்காரர்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

பழவேற்காடு என்ற பெயர் ஐரோப்பியர் வாயில் புலிகாட் ஆயிற்று. மலாய்க்காரர் வாயில் பெலிக்காட் ஆயிற்று. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது ஜாதிக்காயும் கிராம்பும். அவை விளைந்த கிழக்குத் தீவுகளிலோ, வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரைத் துணிக்குத்தான் கிராக்கி. ஆகவே இங்கே துணி வாங்கி அங்கே கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கினார்கள். துணி மட்டுமா போயிற்று? பஞ்சத்தில் அடிபட்டவர்களை அடிமைகளாக வாங்கிப் படேவியாவுக்குக் கப்பலேற்றியதும் இதே துறையிலிருந்துதான். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. துணி வியாபாரம் போய்விட்டது. துணிக்கு வைத்த பெயர் மட்டும் அக்கரையில் தங்கிவிட்டது.

கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதரும் மண்மேடும்தான். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நின்று நம்மை வரவேற்கின்றன! பையன் உடனே கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தான். சிறுமியோ சித்திர எழுத்துப் போன்ற டச்சு எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா? யாருமே பார்க்க வரமாட்டாங்களா?" என்று கேட்டாள். அந்த நாட்டிலிருந்து எப்போதாவது யாராவது வருவதுண்டு என்று சொன்னேன். அதில் அவளுக்குத் திருப்தி ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

பெரியம்மா வீட்டு விருந்தைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. மடவை மீன் வறுவல், இறால் தொக்கு, நண்டுக் குழம்பு. "இந்த நண்டு சிங்கப்பூருக்கு உயிரோடு விமானத்தில் போகிறது. எங்களுக்குக் கால் முறிந்ததுதான் மிஞ்சும்" என்றார் பெரியம்மா. அவர் வீட்டுத் திண்ணையில் பெண்கள் பனையோலையைச் சாயம் தோய்த்து, ஈர்க்கு ஈர்க்காகக் கிழித்துப் பெட்டிகள் முடைந்துகொண்டிருந்தார்கள். இந்த ஊர் முஸ்லிம் பெண்களுக்குப் பல தலைமுறையாகக் கைவந்த கலை அது. சிறுமி அவர்களுடன் உட்கார்ந்து ஒரு மணி நேரம் போராடி, உள்ளங்கை அகலத்தில் ஒன்றைச் செய்து முடித்தாள். பெட்டியா தட்டா என்று சொல்ல முடியாத வஸ்து. ஆனாலும் பினாங்குக்குப் போகும் சாமான்களில் அதற்குத்தான் முதல் இடம் என்று அப்போதே தீர்மானமாகிவிட்டது.

ஆனால் அந்த அம்மாள் வந்த காரியம் வேறு. முதல் நாளிலிருந்தே அவர் கண் ஏரியின் மேலேயே இருந்தது. பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்த்தால் எதிரே தெரிகிறதே தீவு, அதுதான் பசியாவரம். அங்கிருந்து ஒரு மீன்காரக் கிழவி விடியற்காலையில் படகேறி வந்து, இந்தத் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றுக்கொண்டிருந்தாள். தாயில்லாப் பிள்ளையான இவரை, கூடையை இறக்கி வைத்த கையோடு இடுப்பில் தூக்கிக்கொள்வாளாம். மீன் வாசனையோடு ஒட்டிக்கொண்ட பாசம்! ஆயா என்றுதான் கூப்பிடுவது.

"உயிரோடு இருக்கிறாள். கண்தான் மங்கிவிட்டது. இப்போது இங்கே வருவதில்லை" என்று பெரியம்மா சொன்னதும் மறுநாளே போவது என்று முடிவாயிற்று.

படகு என்றதும் பையனுக்குக் குதூகலம்; பெரியம்மாவுக்குக் கலக்கம். காரணம் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் பயணம் வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு உல்லாசப் படகுகளுக்குத் தடை. தீவு ஜனங்கள் போய்வருகிற படகு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் பசியாவரத்துக்குப் பாலம் கிடையாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாணச் சாமான், எல்லாம் படகில்தான். அரிசி மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவில் எங்களை உட்கார வைத்தார்கள்.

ஏரி என்கிறோமே தவிர இது கடலும் ஆறும் கலக்கும் உப்பங்கழி. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. ஆழம் அதிகமில்லை. ஓரிடத்தில் பெண்கள் கழுத்தளவு நீரில் அமர்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்தார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது, விரல்கள்தான்! பையன் படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினான். பிறகு என்ன நினைத்தானோ, இறக்கிவிட்டான். "பூநாரை எங்கே?" என்று சிறுமி கேட்டாள். "அதெல்லாம் குளிர்காலத்து விருந்தாளி, பாப்பா. வெயிலில் வர அதற்கென்ன பைத்தியமா?" என்றார் படகுக்காரர். எங்களைத்தான் சொன்னார் போலிருக்கிறது.

அம்மாள் ஒன்றுமே பேசவில்லை. பாதி வழியில் என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கல்யாணமாகிப் புறப்பட்ட அன்று ஆயா ஒரு ஓலைப் பெட்டி நிறைய மடவைக் கருவாடு கொடுத்தாள். அவளே உப்புப் போட்டுக் காய வைத்தது. புது மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார், வாசனை வீசுகிறது, சுங்கத்தில் பிடிப்பார்களோ என்று வேறு பயம். விமான நிலையத்தில் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். பதினாறு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை."

ஆயா வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். குரலைக் கேட்டதும் "யாரு, என் பாப்பாவா?" என்றாள். அப்புறம் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிள்ளைகளின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். சற்று முன் நீரில் பார்த்த பெண்களின் விரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

பிறகு கிழவி கேட்டாளே ஒரு கேள்வி!

"அன்னைக்குக் கொடுத்தேனே கருவாடு, குழம்பு வச்சியா? உன் மாமியார் என்னா சொன்னாங்க?"

நாங்கள் எல்லோரும் அம்மாளைப் பார்த்தோம். 'பிரமாதம் ஆயா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழவி சந்தோஷப்பட்டிருப்பாள். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அம்மாள் மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நடந்தபடியே சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

கிழவி கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் திரும்பியிருந்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு!

"நல்ல வேலை செஞ்சே! அந்தத் தடவை உப்புப் பத்தலை. மழை மூட்டம் வேற. ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள புழு வச்சிருக்கும். உன் மாமியார் என்னைத் திட்டியிருப்பாங்களேன்னு இத்தனை வருஷமா எனக்குத்தான் தூக்கமில்லை!"

அந்தச் சிரிப்பில் அம்மாளும் சேர்ந்துகொண்டார். அழுகையும் கூடவே இருந்தது.

சாயங்காலப் படகில் திரும்பினோம். ஆயாவின் மருமகள் ஓலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து படகுக்குள் வைத்தாள். பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, வாசனையே சொல்லிற்று. பையன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கரை சேரும் மட்டும் ஒரு யோசனையாகவே இருந்தவன், இறங்கும்போது கேட்டான்:

"அம்மா, பினாங்குச் சுங்கத்தில் கேட்டால், மலாயில் கருவாட்டுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'இக்கான் மாசின்'. எந்த ஊர் என்று கேட்டால் பெலிக்காட் என்று சொன்னால் போதாதா? அவர் வீட்டிலும் அந்தக் கைலி இருக்குமே!"