மக்னீசியமும் நோயுற்ற குழந்தையும்

வகுப்பில் சத்தமிடும் மாணவன் வராவிட்டால் உடனே தெரிந்துவிடும். கடைசி வரிசையில் பேசாது அமர்ந்திருப்பவன் வராவிட்டாலோ, பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். தலைமையாசிரியனாக நான் கண்ட உண்மை இது. நம் உடலிலும் அத்தகைய தாது ஒன்று உண்டு. அதுவே மக்னீசியம்.

சில ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூரில் எங்கள் தெருவில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று பல நாள் வயிற்றுப்போக்கால் துவண்டுபோயிற்று. நகரத்து மருத்துவமனையொன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். கைகால்கள் இழுத்தன. இரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தது. அதை ஊசி வழியே செலுத்தியும் இழுப்பு நிற்கவில்லை. மருத்துவர் மக்னீசியத்தையும் அளக்கச் சொன்னார். அதுவும் மிகக் குறைந்திருந்தது. அதை ஈடுசெய்த பின்னரே இழுப்பு அடங்கிற்று, குழந்தையும் பிழைத்தது.

இதன் காரணம் யாது? நம் கழுத்தில், தைராய்டுச் சுரப்பியின் பின்புறம், பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் நான்கு உள்ளன. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது அதை உயர்த்தும் சுரப்புநீரை இவை அளிக்கின்றன. மக்னீசியம் பெரிதும் குறைந்தால் இச்சுரப்பு தடைப்படும். சுரந்தது சிறிதாயினும் எலும்பும் சிறுநீரகமும் அதன் சொல்லைக் கேளா. பொட்டாசியமும் சிறுநீரில் வீணே வெளியேறும். மக்னீசியத்தை நிரப்பாமல் மற்ற இரண்டையும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்கூசும் வெள்ளொளியுடன் எரியும் நாடா இந்த உலோகமே. இதை 1808இல் பிரித்தெடுத்தவர் ஹம்ப்ரி டேவி. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுக்கும் மாக்னசைட்டும், இலைகளின் பச்சையமும் மக்னீசியம் கொண்டவையே. வளர்ந்தவர் உடலில் சுமார் 25 கிராம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பில் தங்கியிருக்கிறது. இரத்தத்தில் உள்ளது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே, இரத்தத்தின் அளவு சரியாக இருப்பினும் திசுக்களில் குறை இருத்தல் கூடும்.

வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு, சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள், சிறுநீரகத்தைத் தாக்கும் சில மருந்துகள் ஆகியவற்றால் இத்தாது குறைகிறது. கடும் நோயுற்ற குழந்தைகளிடம் இக்குறை அரிதன்று. தசைத்தளர்ச்சி, வலிப்பு, இதயத்துடிப்பின் ஒழுங்கீனம் ஆகியன இதனால் நேரலாம். எனினும், சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வழக்கமாக அளப்பவர்கள், மக்னீசியத்தைப் பல இடங்களில் தனியே கேட்டால்தான் அளக்கிறார்கள். அதன் குறைவே நோயின் முடிவை மாற்றுகிறதா, அன்றி நோயின் கடுமைக்கு வெறும் அடையாளமா என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

ஓர் எச்சரிக்கை. மக்னீசியம் மிகுந்தாலும் கேடே, மூச்சே தளர்ந்துபோகும். எனவே எப்சம் உப்பை வீட்டில் குழந்தைக்குக் கொடுத்துப் பார்க்கலாகாது. கீரை, கேழ்வரகு, பயறு, நிலக்கடலை ஆகியவற்றில் இத்தாது போதிய அளவு உண்டு; நலமாயிருக்கும் பிள்ளைக்கு அதுவே போதும். வயிற்றுப்போக்குக் கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே கொடுங்கள். ஆயினும் அதில் மக்னீசியம் இல்லை. ஆகையால் நோய் நீடித்தாலும், குழந்தை சோர்ந்தாலும், கைகால் இழுத்தாலும், அம்பத்தூரோ ஆவடியோ பூந்தமல்லியோ, எங்கிருந்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுங்கள்.

பேசாதிருப்பவனின் பெயரையும் கூப்பிட்டுப் பார்ப்பதே நல்லாசிரியனின் கடமை. நல்ல மருத்துவத்தின் கடமையும் அதுவே.