அமெரிக்காவிலும் ஒரு சேலம், ஒரு மெட்ராஸ்!

மல்லசமுத்திரத்தில் கடல் இல்லை. ஆனால், பெயரில் சமுத்திரம் இருக்கிறது! முற்காலத்தில் பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று சொல்வது வழக்கம். அதனால் தமிழ்நாட்டில் பல ஊர்ப் பெயர்கள் 'சமுத்திரம்' என்று முடிகின்றன.

இவை மண்ணிலேயே பிறந்த பெயர்கள். கடல் கடந்து போன பெயர்களும் உண்டு.

விட்டு வந்த ஊர்

இங்கிலாந்தில் போஸ்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1630-ம் ஆண்டு அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள், தங்கள் புதிய ஊருக்கும் அதே பெயரை வைத்தார்கள். சொந்த ஊரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பெயரையாவது கொண்டு போனார்கள். நம் தென்காசியும் காசியின் நினைவாக எழுந்த பெயர்தானே!

இரண்டு சேலம்

மல்லசமுத்திரத்துக்காரர்கள் பஸ் ஏறிப் போகும் பெரிய ஊர் சேலம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துத் தலைநகரின் பெயரும் சேலம்தான்! ஆனால், இரண்டுக்கும் உறவு இல்லை. அது பைபிளில் வரும் பெயர். 'சமாதானம்' என்று பொருள். நம் சேலமோ, மலையைக் குறிக்கும் 'சைலம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் சிலர்; 'சேரலம்' என்பதே சேலம் ஆயிற்று என்பார்கள் வேறு சிலர்.

துணி கொடுத்த பெயர்

அதே ஓரிகனில், மலைத் தொடருக்கு அப்பால், மெட்ராஸ் என்ற ஊரும் இருக்கிறது. முதலில் அந்த ஊருக்குப் 'பால்மெயின்' என்று பெயர் வைக்க நினைத்தார்கள். ஏற்கெனவே உள்ள வேறொரு ஊரின் பெயரைப் போல இருக்கிறது என்று தபால் இலாகா மறுத்துவிட்டது. அப்போது கடையில் இருந்த பருத்தித் துணிச் சுருள் ஒன்றில் 'மெட்ராஸ்' என்று எழுதியிருந்ததாம். அதையே ஊருக்குச் சூட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியதால், அந்தத் துணிக்கு அப்படி ஒரு பெயர்.

2017 ஆகஸ்டு 21-ந் தேதி முழு சூரிய கிரகணம் பார்க்க, அந்தச் சிற்றூரில் பெருங்கூட்டம் கூடியது.

நம் மெட்ராஸ் நகரம் 1996-ம் ஆண்டு சென்னை என்று பெயர் மாறியது. ஓரிகன் மெட்ராஸ் மாறவில்லை.

மல்லசமுத்திரத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் பருத்தி ஏலம் நடக்கிறது. மூட்டையோடு வந்து நல்ல விலைக்குக் காத்திருப்பார் விவசாயி. அவரைப் போல அன்று பருத்தி விளைத்தவர் யார், நூற்றவர் யார், நெய்தவர் யார்? ஒருவர் பெயரும் தெரியாது. ஆனால், அவர்கள் உழைப்பில் உருவான துணி, கடலுக்கு அப்பால் ஓர் ஊருக்கே பெயர் கொடுத்துவிட்டது!